பாதிப் படமும் மஞ்சள் கயிறும்

போன வாரம் ஒரு காலை, தோசைக் கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் திருப்பியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பல் ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எக்ஸ்ரே டெக்னீஷியன் அவள். தாராபுரத்துப் பெண். சாதாரணமாகவே படபடவென்று பேசுவாள். அன்றைக்குக் குரல் கிசுகிசுவென்று வந்தது.

“அக்கா, எக்ஸ்ரே ரூம்ல யாரோ செய்வினை வெச்சிருக்காங்கக்கா.”

புது மெஷின் வந்திருக்கிறது, தாடையை முப்பரிமாணத்தில் காட்டுமாம், அதற்காக அறையை மாடிக்கு மாற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய மேசையைக் காலி செய்திருக்கிறாள். அடி இழுப்பறையை இழுத்திருக்கிறாள்.

“கத்தையா மஞ்சக் கயிறுக்கா. ஒவ்வொண்ணுலயும் மஞ்சக் கெழங்கு கட்டியிருக்குது. அதுக்கு அடியில ஒரு தாடை எலும்புப் படம். பாதிதான் இருக்குது. மீதி வெறும் கண்ணாடியாட்டம் இருக்குது. யாரோட வாயைக் கட்டறதுக்கு வெச்சாங்களோ தெரியலீங்க. எடுத்துக் கொளுத்திப்போடட்டுங்களா?”

எனக்கு வந்த சிரிப்பில் தோசையை மறந்துவிட்டேன். கருகின வாசனை வந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கொளுத்திராத கண்ணு. அதை வெச்சது நான்தான்.”

“அக்கா, நீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். என்னைப் பற்றி அவள் மனதில் என்னென்ன ஓடியதோ! அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, தோசை வேறு கருகிக்கொண்டிருந்தது.

நான் டிப்ளமோ படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தேன், பாஸானேன், கோயமுத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முதலில் தபால்தலை அளவுப் படம்தான் எடுத்தோம். பிலிமை வாய்க்குள் வைத்தால் பாதிப் பேருக்குக் குமட்டல் வரும். பிறகு தாடை முழுவதையும் ஒரே படத்தில் எடுக்கும் மெஷின் வந்தது. ஓபிஜி என்று சொல்வோம். அது வந்த அன்று எங்கள் ஆஸ்பத்திரியே தேர் பார்க்க வந்த கூட்டம் போல அந்த அறை வாசலில் நின்றது.

மெஷினில் வேலை சுலபம். நோயாளி நிற்க வேண்டும். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, முன்பல்லால் ஒரு சின்னக் குச்சியைக் கடித்துக்கொள்ள வேண்டும். உதட்டை மூடி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மெஷின் தலையைச் சுற்றி ஒரு அரை வட்டம் போகும். அது போய் முடிகிற வரைக்கும் ஆடக்கூடாது, பேசக்கூடாது. நான் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பேன். விரலை எடுத்தால் கதிர் நின்றுவிடும். அவ்வளவுதான்.

அந்த மெஷினைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை என்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். வந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பார். பேசாமல் நில்லுங்கள் என்று கொங்கு நாட்டில் ஒருவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? “சரிங்க” என்பார். அதுவும் மெஷின் நகர ஆரம்பித்த பிறகு, கடித்த குச்சியோடு, மரியாதை குறையாமல் “ஹரிங்க” என்பார். படத்தில் முன்பல் வரிசை அலையடிக்கும். “பதில் சொல்ல வேண்டாங்க” என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தேன். அதற்கும் “சரிங்க, சொல்லலைங்க” என்று பதில் வந்தது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மெஷின் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டே போனார். ஏனுங்க இப்படி என்று கேட்டேன். “அது நம்மளைச் சுத்தி வருதுங்க. பார்க்காம நின்னா நல்லா இருக்குமுங்களா?” என்றார். அடுத்த முறை எடுக்கும்போது, மெஷின் கோபித்துக்கொள்ளாது என்று நான் உத்தரவாதம் கொடுத்தேன்.

இந்தக் கெட்டுப்போன படங்களையெல்லாம் நான் பெரிய டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆறடி உயரம், கனத்த மீசை. தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம். ஆனால் வாயைத் திறந்தால் எங்களைவிட அதிகமாக ‘ங்க’ போடுவார். திட்டுவதும் ‘ங்க’ போட்டுத்தான். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மணி, இதுல பல்லு எங்கீங்க இருக்குது? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க” என்பார். அதற்குப் பதில் என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம். படம் நன்றாக இருந்தால் மட்டும் தெலுங்கு வரும். “பாகுந்தி” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனையோ நாள் சாப்பாட்டு நேரத்தை விட்டிருக்கிறேன்.

கெட்டுப்போன படத்தை அவர் பார்த்து, காரணம் கேட்டு, சம்மதம் சொன்ன பிறகுதான் இரண்டாவது படம் எடுக்கலாம் என்பது அவருடைய சட்டம். “கதிர் என்ன தீர்த்தமுங்களா, ரெண்டு தரம் கை நீட்டி வாங்கிக்கறதுக்கு?” என்று கேட்பார். இன்றைக்கும் அந்தச் சட்டத்துக்கு நான் தலை வணங்குவேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் நாக்கு எழாது. பெண்களிடம் தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டார்.

கழற்றித்தான் ஆக வேண்டும். கதிர் பின்கழுத்து வழியாக வருகிறது. கழுத்தில் தங்கக் கொடி கிடந்தால் தாடையின் அடிப்பகுதியில் வெள்ளையாக நிழல் விழும். தோட்டுக்கு இன்னும் குறும்பு அதிகம், வலது காதுத் தோடு இடது தாடையில் போய் விழும். தோடு, மூக்குத்தி, ஊசி எல்லாம் கழற்றுவார்கள். திருகாணி இறுகிப்போன மூக்குத்திக்கு நான் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தேன். அவசியமே இல்லாமல் மெட்டியைக் கூடக் கழற்றி என் கையில் கொடுத்தவர்கள் உண்டு. தாலி என்றதும் மட்டும் கை நெஞ்சுக்குப் போகும். பெரிய டாக்டர் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். “கழுத்துல கெடக்கறதைக் கொஞ்சம்...” என்று சுவரிடம் சொல்வார். பிறகு இருமுவார். பிறகு, “அம்மணி, நீங்களே பேசுங்க” என்று என்னிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவார்.

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவரின் மனைவி, கன்னம் வீங்கி வந்தவர், தாலியைக் கழற்ற மாட்டேன் என்று வீங்கின கன்னத்தோடேயே பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்குப் பெரிய டாக்டருக்கு மனசே சரியில்லை. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி, “ஒரு மஞ்சக் கயித்தைக் கட்டிட்டுக் கழட்டச் சொன்னா ஆகாதா? எனக்கு ஆபரேசன் ஆனப்போ அப்படித்தானே செஞ்சோம்?” என்று சிரித்தாராம். மறுநாள் காலை செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் என் மேசைக்கு வந்தது. பூ மார்க்கெட்டிலிருந்து அவரே வாங்கி வந்திருந்தார். “இதை வெச்சுக்குங்க” என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பவித்ரா கண்ணு, உன் செய்வினை அதுதான்.

அதன் பிறகு எக்ஸ்ரே அறையில் நடந்த கூத்தை என்ன சொல்ல! முறை இதுதான்: முதலில் கயிற்றைக் கட்ட வேண்டும், பிறகுதான் தங்கத்தைக் கழற்ற வேண்டும், கழுத்து ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. யார் கட்டுவது? வெளியே பெஞ்சில் வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்தான். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னால் ஒவ்வொருவர் முகமும் ஒரு மாதிரி ஆகும். ஒருவர் “மறுபடியுமுங்களா?” என்று கேட்டு மனைவியிடம் கிள்ளு வாங்கினார். ஒரு மாமியார் ராகு காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார். பெரிய டாக்டரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பெஞ்சில் அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ரிசப்ஷன் பெண் வாசலில் நின்று “கெட்டிமேளம்!” என்று கத்துவாள். வேறு இடமாக இருந்தால் சீனி கொடுத்திருப்போம். பல் ஆஸ்பத்திரியில் அதற்கு வழியில்லை.

இனி அந்தப் பாதிப் படத்துக்கு வருகிறேன்.

சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவின் பெயர் தெய்வாத்தாள், அவர் வீட்டுக்காரர் சென்னியப்பன். மஞ்சள், வாழை போடுகிற குடும்பம். தெய்வாத்தாளுக்கு இடது கீழ்த்தாடையில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தாகிவிட்டது, கேன்சர் இல்லை. ஆனால் அது உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. எவ்வளவு தின்றிருக்கிறது என்பதுதான் கேள்வி. தாடையின் அடி ஓரம் மெல்லிசாகவாவது மிச்சம் இருந்தால் கட்டியை மட்டும் சுரண்டி எடுக்கலாம், எலும்பு தானே வளர்ந்துகொள்ளும். அந்த ஓரமும் போயிருந்தால் தாடையில் அந்தத் துண்டையே அறுத்து எடுக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் சரிந்துபோகும். சோறு மென்று தின்பது பெரும்பாடு.

கையில் ஒரு படம் கொண்டுவந்திருந்தார்கள். வேறு எங்கேயோ எடுத்தது. தாலிக்கொடி கழுத்திலேயே இருந்திருக்கிறது. பார்க்க வேண்டிய அந்த அடி ஓரத்தில் சரியாக வெள்ளையாக ஒரு பட்டை. பெரிய டாக்டர் அந்தப் படத்தை எப்படியெல்லாமோ சாய்த்துப் பார்த்தார். “இதை நம்பி அறுக்கவும் முடியாதுங்க, அறுக்காம விடவும் முடியாதுங்க” என்றார். சுத்தமாக ஒரு படம் வேண்டும்.

தெய்வாத்தாளை அறைக்குக் கூட்டிப்போனேன். பை தூக்கிக்கொண்டு சென்னியப்பனும் வந்தார். அங்கேதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

“ஏனுங்க, அவருகிட்டச் சொல்லுங்க, பையைக் கீழ வெக்க வேண்டாம்னு” என்றார் தெய்வாத்தாள் என்னிடம். அவர் பக்கத்திலேயே நிற்கிறார், கைக்கெட்டும் தூரத்தில்.

“கீழ வெக்கலைன்னு சொல்லுங்க” என்றார் அவரும் என்னிடம்.

சென்னியப்பன் ஒரு எருமையை விற்றுவிட்டாராம். அதுவும் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து. கன்றிலிருந்து தெய்வாத்தாள் வளர்த்த எருமை. திரும்பி வந்து வெறும் கட்டுத்தறியைப் பார்த்த அன்றோடு பேச்சு நின்றது. வருஷக் கணக்காகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கின்றன.

“அப்ப ஊட்டுல யாருகிட்டீங்க சொல்லி அனுப்புவீங்க?” என்று கேட்டேன்.

“நாய் இருக்குதுங்க” என்றார் தெய்வாத்தாள். ‘மணி, சோறு ஆறுதுன்னு சொல்லு’ என்பாராம். அவர், ‘மணி, வாரேன்னு சொல்லு’ என்பாராம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாவின் கை கன்னத்துக் கட்டியை விட்டு நகரவே இல்லை. நல்ல பயம் அவருக்கு. பயத்தைச் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் நிற்கிறார், சொல்ல முடியவில்லை. சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

கயிற்றை எடுத்தேன். யார் கட்டுவது என்ற இடம் வந்தது. நான் கட்டுகிறேன் என்று கூடச் சொன்னேன். தெய்வாத்தாள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். “நானு கட்டினாச் சம்மதமான்னு கேளுங்க.”

“கட்டறதுக்கு ஊருல வேற ஆளு இருக்காங்களான்னு கேளுங்க” என்றார் அந்த அம்மா.

சென்னியப்பன் பையைக் கீழே வைத்தார். வைக்க வேண்டாம் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றார். வாழைத்தார் தூக்கிக் காய்த்துப்போன கை. முடிச்சு விழவில்லை. இரண்டு முறை நழுவியது. தெய்வாத்தாள் கொண்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று முடிச்சும் விழுந்த பிறகு தங்கக் கொடியைத் தலை வழியாகக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். சென்னியப்பன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ரிசப்ஷன் பெண் அன்றைக்குக் கெட்டிமேளம் கத்தவில்லை.

ஈய அங்கியை மாட்டி, குச்சியைக் கடிக்க வைத்து, நாக்கு, உதடு எல்லாம் சொல்லி, “பதில் சொல்ல வேண்டாங்க” என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சென்னியப்பனை என் பக்கத்தில், தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினேன். பொத்தானை அழுத்தினேன். மெஷின் வலப்பக்கத்திலிருந்து நகர ஆரம்பித்தது.

கண்ணாடி வழியாகத் தெய்வாத்தாளின் கண் தெரிந்தது. மெஷின் உர்ரென்று நகர நகர அது அகன்றுகொண்டே போனது. நான் மனதுக்குள் சாமியைக் கும்பிட்டேன். மெஷின் முகவாய்க்கு நேராக வந்தது.

“அம்மணி, பயப்படாத. நானு இங்கதான் இருக்கறேன். ஆடாம நில்லு.”

சென்னியப்பன்தான். என்னிடம் இல்லை, நாயிடம் இல்லை. நேராக அவரிடம்.

தெய்வாத்தாள் வாயில் குச்சியோடு, “ஹரிங்க” என்றார்.

என் விரல் தானாகப் பொத்தானை விட்டுவிட்டது. மெஷின் பாதியில் நின்றது. பிறகு எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சென்னியப்பன், “ஏனுங்க, தப்பாப் போச்சுங்களா?” என்று என்னைக் கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலிம் பெட்டியைக் கழற்றினேன்.

இருட்டறையில் கழுவி எடுத்தால் அந்தப் படம்தான் வந்தது. வலது தாடை தெளிவாக இருக்கிறது. முகவாயில் எலும்பு ஒரு அலை அடிக்கிறது. அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி. அந்த அலைதான் ‘சரிங்க’.

சட்டப்படி பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். “ஏனுங்க அம்மணி, மீதித் தாடை எங்கீங்க?”

“பேசிப்போட்டாங்க சார்.”

“யாருகிட்டீங்க?”

“ஊட்டுக்காரருகிட்டீங்க. பல வருசத்துக்கு அப்புறம் சார்.” முழுக் கதையையும் சொன்னேன், எருமை, நாய் உட்பட. பெரிய டாக்டர் கேட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு எடுங்க” என்றார் சுவரிடம். “ஆனா அந்த மனுசரு வாயில பஞ்சை வெச்சுட்டு எடுங்க.”

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் பிடுங்கினால் கடிக்கக் கொடுக்கும் பஞ்சுருளை இரண்டை எடுத்துச் சென்னியப்பனின் இரண்டு கன்னத்திலும் வைத்துக் கடிக்கச் சொன்னேன். அவர் “ஹரிங்க” என்றார். ஊதின கன்னத்தோடு அவர் என் பக்கத்தில் நின்ற கோலத்தைத் தெய்வாத்தாள் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவர் கண் சிரித்தது. மெஷின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்தது. ஒரு அசைவு இல்லை.

இருட்டறையில் அந்தப் படம் மருந்துத் தண்ணீரில் தெளிந்து வந்தபோது குனிந்து பார்த்தேன். இடது தாடையில் பெரிய கருப்புக் குழி. அதற்குக் கீழே, பென்சிலால் கீறியது போல ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. எங்கேயும் அறுபடவில்லை. ஈரப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். பெரிய டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் வழிந்தது. “பாகுந்தி” என்றார். பிறகு இன்னும் உரக்க, “பாகுந்தி, பாகுந்தி!” என்றார். மூன்று முறை சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

தாடையை அறுக்கவில்லை. சுரண்டி எடுத்தார்கள், எலும்பு வளர்ந்தது. பின்னால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு பேரும் வந்தார்கள். கயிறு கட்டும் வேலையைச் சென்னியப்பன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டி முடித்ததும் கேட்காமலேயே பஞ்சுக்கு வாயைத் திறந்து நிற்பார். பாதிப் படத்தைப் பெரிய டாக்டர் குப்பையில் போட விடவில்லை. நான் கயிறுகளோடு சேர்த்து இழுப்பறையில் வைத்தேன்.

பவித்ரா, புது மெஷினுக்கும் தங்கம் ஆகாது. அதனால் கயிறுகளை மாடிக்குக் கொண்டுபோ. பஞ்சையும் பக்கத்தில் வை. படத்தைப் பற்றித்தான் எனக்கு யோசனையாக இருந்தது. நேற்று தெய்வாத்தாளுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பேசுவதற்கு முன்னாலேயே பின்னால் சென்னியப்பனின் குரல், யாருங்கறேன், யாருங்கறேன் என்று. “சித்த சும்மா இருங்க, பேசிட்டிருக்கறேனில்ல” என்று அவரை அடக்கிவிட்டு வந்தார். படம் அகப்பட்டதைச் சொன்னேன். என்ன செய்வது என்று கேட்டேன்.

“அதை எனக்குக் குடுத்துருங்க. அன்னைக்கு நானு வாயை மூடிட்டு நின்னிருந்தா இன்னைக்கும் நாய்கிட்டத்தானுங்க பேசிட்டிருப்பேன்.”

பின்னாலிருந்து சென்னியப்பன் கத்தினார்: “அந்த நாயாவது நிம்மதியாப் போய்ச் சேந்துதுங்க. இப்ப மொத்தமும் நானே கேக்கறேன்!”

தெய்வாத்தாள் சிரித்த சிரிப்பு போனுக்குள் அடங்கவில்லை. தாடை முழுசாக இருக்கிறவர் சிரிக்கிற சிரிப்பு அது.